மஞ்சள் வைத்த எருக்குழி

எங்கள் ஊரில் குழி என்றால் நிலம். "இன்னிக்கு நாலு குழி நட்டோம்" என்று அம்மா சொன்னால் நாலு பள்ளம் என்று பொருள் இல்லை. நாலு குழி அளவுள்ள வயலில் நாற்று நட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று பொருள். நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. அந்தக் கணக்கெல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விரல் நுனியில் இருந்தது. அவர்கள் உழைத்த அத்தனை குழியிலும் அரைக் குழிகூட எங்களுடையது இல்லை. இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் காஞ்சிபுரத்தில் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஆசிரியைப் பயிற்சி முடித்த எனக்கு முதல் வேலை பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் கிடைத்தது. என் ஊர் திருமுக்கூடலுக்கும் அந்தப் பக்கம். விடிகாலையில் கிளம்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாலாற்று மணலைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் இறங்கி, தறிச் சத்தம் காதைப் பிளக்கும் தெருக்கள் வழியாக ஓட்டமும் நடையுமாக நான் போய்ச் சேரும்போது, வாரத்தில் மூன்று நாளாவது பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியிருந்தவர். அதட்டத் தெரியாதவர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆத்துல தண்ணி இல்லாதப்பவே இப்படி லேட்டா வரீங்க. ஐப்பசில மழை புடிச்சி ஆறு ஓடிச்சின்னா எப்படிம்மா வருவீங்க? அதுக்குள்ள இங்க பக்கத்துல ஒரு வூடு பாத்துக்கோங்க. இல்லன்னா மாற்றலுக்கு எழுதிக் குடுங்க, நானே மேல அனுப்பிடறேன்."

வீடு பார்க்காமல் இருந்தேனா என்ன? ஐந்து வீடு ஏறி இறங்கியிருந்தேன். எல்லா வீட்டிலும் முதலில் முகம் மலரும். "டீச்சரா, வாங்கம்மா" என்பார்கள். அடுத்து, "எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொல்வேன். "ஊர்ல எந்தத் தெரு?" அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீடு ஊரில் இல்லை; ஊருக்கு வெளியே காலனியில் இருந்தது. நான் விழுங்கும் எச்சிலிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஐந்தாவது வீட்டில் கதவருகே நின்ற அம்மாள், கையில் தறிக்கான நூல் தார் சுற்றிக்கொண்டே, "ஐயோ, நேத்துதாம்மா ஒருத்தர் வந்து பின்கட்டு ரூம்புக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். என் வகுப்புப் பிள்ளை. மறுநாள் வகுப்பில் அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளைவிட எனக்குத்தான் அதிக வெட்கமாக இருந்தது.

இந்த எரிச்சலையெல்லாம் மண்ணில் காட்டலாம் என்று நினைத்தேனோ என்னவோ, தோட்ட வேலையில் இறங்கினேன். கால அட்டவணையில் என் ஐந்தாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியடு தோட்ட வேலை என்று இருந்தது. பள்ளிக்குப் பின்னால் ஒரு காலி மனையும் இருந்தது. அந்தப் பீரியடில் பிள்ளைகள் கல் பொறுக்குவார்கள். அடுத்த வாரமும் பொறுக்க வேண்டுமே என்று, போகும்போது அதே கல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். இப்படிப் பல வருஷமாக நடந்து வந்ததாகக் கேள்வி.

"இந்த வருஷம் நிஜமாவே கீரை போடறோம்" என்று அறிவித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், வகுப்பு வாசலில் நின்றபடியே சொன்னேன்: "திங்கக்கிழமைக்குள்ள பின்னால ஒரு குழி தயார் பண்ணணும். நாலு மூலையும் நேரா இருக்கணும். வீட்ல கடப்பாரை, மம்பட்டி இருந்தா அப்பாவைக் கேட்டு எடுத்து வாங்க."

நான் சொன்னது ஒரு குழி நிலம். கல்லைப் பொறுக்கிக் கொத்தி, பாத்தி கட்டுவதற்குத் தோதாக வைக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

திங்கட்கிழமை நான் வந்து சேர்ந்தபோது பள்ளிக்குப் பின்னால் கூட்டம். பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள், இடுப்பில் குழந்தையோடு சில அம்மாக்கள். நடுவில் தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

குழி இருந்தது. நூல் பிடித்து வெட்டியது போல நாலு மூலையும் நேராக இருந்தது. பக்கமெல்லாம் மண் குழைத்துப் பூசி வழவழவென்று மெழுகியிருந்தார்கள். விளிம்பில் உட்கார்ந்தால் கால் தாராளமாகத் தொங்கும் ஆழம். நாலு மூலையிலும் மஞ்சள், குங்குமம். ஓரத்தில் அணைந்த கற்பூரம், உடைத்த தேங்காய் மூடி.

முன்னால் நின்ற ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தார். என்னைப் பார்க்க மறுத்த அந்தச் சிறுமியின் அப்பா அவர் என்று பிறகு தெரிந்தது. "ஞாயித்துக்கெழமை நாங்க எட்டு பேரு சேந்து வெட்டினோம், டீச்சர். எல்லாம் நல்ல நேரம் பாத்துத்தான் செஞ்சிக்கிறோம். தறி எப்ப வருது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவில் குழி என்றால் ஒரே அர்த்தம்தான். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கிற தறிக்குழி. குழி தயார் பண்ணுகிறார்கள் என்றால் புதுத் தறி வருகிறது, வீட்டில் விசேஷம். வேறொரு பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்புக்கென்று சின்னத் தறி ஒன்று வந்திருந்த சமயம் அது. நம் பிள்ளைகள் பள்ளிக்கும் தறி வருகிறது, புது டீச்சர் ஏற்பாடு செய்துவிட்டார் என்று தெருவே சந்தோஷப்பட்டிருக்கிறது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"யாரைக் கேட்டும்மா பள்ளிக்கூட எடத்துல பள்ளம் வெட்டச் சொன்னீங்க?" என்றார் தலைமையாசிரியர். குரலை உயர்த்திப் பழக்கமில்லாததால் பாதியில் கீச்சென்றது.

"நான் இந்தக் குழியச் சொல்லல, சார்" என்றேன். கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நான் சொன்னது நிலம். கீரை போடறதுக்கு ஒரு குழி நிலம். எங்க ஊர்ல குழின்னா நிலத்தோட அளவு" என்றேன்.

ஒருவர் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்: "குழின்னா நிலமா? இன்னா ஊருமா அது? எந்தத் தெருவுல அப்படிப் பேசறாங்க?"

மறுபடியும் தெரு. ஐந்து வீட்டு வாசலிலும் என்னைத் துரத்திய அதே தெரு. இதற்குப் பிறகு நான் சொன்னதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சுத்தமான கோபம். "தெரு இல்லீங்க, காலனி. எங்க அப்பாம்மா அடுத்தவங்க நெலத்துல கூலிக்கு நாத்து நடறவங்க. அவங்க குழி குழியாத்தான் கணக்கு சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பேச்சுதான் வரும்" என்றேன்.

இரண்டு மூன்று பேர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நகர்ந்தார்கள். ஓர் அம்மாள் குனிந்து தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டாள். போச்சு, இனி இந்த ஊரில் எனக்கு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, பள்ளத்த மூடுங்க. புள்ளைங்க விழுந்து வைக்கப் போவுது" என்றார் தலைமையாசிரியர்.

"அது முடியாது, சார்" என்றார் சிறுமியின் அப்பா. "மஞ்ச குங்குமம் வெச்சி, கற்பூரம் கொளுத்தின குழி. வெறுமனே மூடக் கூடாது. குடும்பத்துக்கு ஆவாது."

அப்போதுதான் என் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. பயிற்சிப் பள்ளியில் எருக்குழி போடக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். இலையும் சருகும் குப்பையும் போட்டு மக்கவிட்டால் மூன்று மாதத்தில் தோட்டத்துக்கு எரு. அதற்கு இதைவிட நல்ல குழி எங்கே கிடைக்கும்? சொன்னேன். சொன்ன வேகத்திலேயே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"பூசை போட்ட எடத்துல குப்பையக் கொட்டறதா? நல்லா இருக்குதும்மா நீங்க பேசறது!"

மூடவும் முடியாது, குப்பை போடவும் முடியாது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, பிள்ளைகள் வரிசையிலிருந்து அந்தச் சிறுமி மெதுவாகக் கேட்டாள்: "சாணி போடலாமாப்பா? சாணி குப்பை இல்லியே. வாசல்ல தெளிக்கிறோம். அதுலதான புள்ளையாரு புடிக்கிறோம்?"

அவர் துண்டால் மறுபடி முகத்தைத் துடைத்தார். மகளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். கடைசியில், "மொதல்ல சாணி போடணும். எச்சில் எதுவும் உள்ள விழக் கூடாது. செருப்புக் காலோட யாரும் கிட்ட போகக் கூடாது" என்றார். தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அது சம்மதம் என்று அர்த்தம்.

அந்த வாரத் தோட்ட வேலை பீரியடில் ஏழு பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள். "மண்ணுல கை வெக்க வேணாம்னு அம்மா சொன்னாங்க, டீச்சர்" என்றான் ஒருவன். மண்ணையா சொன்னாள் அவன் அம்மா? எனக்குப் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை. சரி, நில்லு என்றேன். பத்து வயதுப் பிள்ளையால், மற்றவர்கள் சாணியை உருட்டி விளையாடும்போது எவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியும்? இரண்டாவது வாரம் ஏழில் ஐந்து பேர் முழங்கை வரை மண்ணில் இருந்தார்கள்.

குப்பைக் குழிக்கு இவ்வளவு மரியாதை நடந்த பள்ளி இன்னொன்று இருந்திருக்காது. செருப்புப் போட்ட ஒன்றிரண்டு பிள்ளைகளும் பத்தடி தள்ளியே கழற்றிவிடுவார்கள். வேப்பஞ்சருகு, அடுப்புச் சாம்பல், தறியின் பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி, சாமிக்குச் சாத்திக் காய்ந்த மாலை என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். எது எச்சில், எது எச்சில் இல்லை என்று நீதிமன்றமே நடக்கும். வாழைப்பழத் தோலுக்கு ஒரு பீரியடு முழுக்க வாதாடினார்கள். உரித்துத் தின்றால் தோல் எச்சில் இல்லை, தோலோடு வைத்துக் கடித்துத் தின்றால் எச்சில் என்று தீர்ப்பானது. பார்வையிட வந்த கல்வி அதிகாரியிடம் ஒரு பொடியன், "சார், பூட்ஸு" என்று விரலை நீட்டினான். அந்தப் பெரிய மனிதர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். தலைமையாசிரியர் அன்று கண்ணாடியைத் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும்.

எரு மக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு மூட்டை ஆட்டு எருவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அந்த வாசனைக்கு அவர் திட்டியது குறைச்சல்தான். பாத்தி கட்டும்போது நான் ஒன்றும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் குச்சி நட்டு, நூலை இழுத்துக் கட்டி, தெருவில் பாவு பிடிக்கிற மாதிரி நேர் பார்த்தார்கள். எங்கள் அப்பா பார்த்திருந்தால் அசந்து போயிருப்பார்.

பள்ளிக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. அரிசி களைந்த தண்ணீரோ, காய் கழுவிய தண்ணீரோ, ஆளுக்கொரு சொம்பு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் ஒரு பாத்திக் கீரை முழுக்கத் தலை சாய்ந்து கிடந்தது. விசாரித்தால், சாயம் போடுகிற வீட்டுப் பையன் ஒருவன் செக்கச்செவேல் என்றிருந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறான். "தண்டு நல்லா செவப்பா வருமேன்னுதான், டீச்சர்" என்று அழுதான். வீட்டில் பட்டு சிவப்பாவதைத் தினமும் பார்க்கிற பிள்ளை, கீரையும் அப்படித்தான் என்று நினைத்தால் அவன் மேல் என்ன தப்பு? அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நான் சொன்ன ஒரு சொல்லுக்கு எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டிருந்தார்கள். அவனையே தண்ணீர்க் காவலாக வைத்தேன். அதன்பிறகு யார் சொம்பு கொண்டுவந்தாலும் அவன் உள்ளங்கையில் ஊற்றி நிறம் பார்க்காமல் விடமாட்டான்.

கீரை வந்தது. பிள்ளைகள் பறித்துக் கொடுக்க, நான் வாழைநாரால் கட்டுக் கட்டினேன். ஆளுக்கொரு கட்டு. கட்டும்போதெல்லாம் ஒரே யோசனை. என் கை பட்டதென்று இவர்கள் வீட்டில் இது அடுப்புக்குப் போகுமா, மாட்டுக்குப் போகுமா? மறுநாள் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்ன செஞ்சாங்க உங்க வீட்ல?" என்றேன். "கடைஞ்சாங்க", "பருப்பு போட்டாங்க", "கொஞ்சம் மண்ணு இருந்திச்சி, டீச்சர்" என்று கத்தினார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மண் இருந்ததாகச் சொன்னவனையும் தட்டிக்கொடுத்தேன்.

ஆனால் கீரை நுழைந்த வீட்டில் நான் நுழைய முடியவில்லை. புரட்டாசி முடிந்தது. குழியில் எரு கறுப்பாக, மண் வாசனையோடு, கையில் எடுத்தால் உதிர்கிற பக்குவத்துக்கு வந்திருந்தது. வானமும் கறுத்தது. மேற்கே மழை, பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அடுத்த கீரைப் பாத்திக்கு எரு போட நான் இருக்க மாட்டேன் என்று நினைத்தபோது, ஊரையும் மனிதரையும் விட அந்த எருவை விட்டுப் போவதுதான் எனக்கு வலித்தது. மாற்றல் மனுவை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். என் சாதி எழுதியிருந்த பதிவேட்டை முதல் நாளே படித்தவர் அவர். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, "தபால் வெள்ளிக்கெழமைதான் போகும்" என்றார். தபால் தினமும் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மாலை, பள்ளி விட்டபின் குழியிலிருந்து எருவை அள்ளிப் பாத்திக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமியின் அம்மா வந்தாள். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்தாள்.

"பின்கட்டு ரூம்பு காலியா இருக்குது, டீச்சர்."

நிமிர்ந்தேன். சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாதே. "அட்வான்ஸ் குடுத்தவரு காலி பண்ணிட்டாரா?" என்றேன்.

அவள் குழியைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"யாரும் வரல. அப்பவும் காலியாத்தான் இருந்திச்சி."

கையில் இருந்த எருவைப் பாத்தியில் போட்டேன். அவளே சொன்னாள்: "அன்னிக்கிக் கீரைய அலசிக்கினு இருந்தேன். எம் பொண்ணு பக்கத்துல குந்திக்கினு, கீரை மட்டும் ஏம்மா வூட்டுக்குள்ள வருதுன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. அதுலேர்ந்து எங்க வூட்டுக்காரருகிட்ட பேசிக்கினே இருந்தேன். நேத்து சரின்னுட்டாரு. மாமியாரு எங்கூடப் பேசறதில்ல. பேசுவாங்க. நீங்க வாங்க. கெணத்துல நீங்களே எறைச்சிக்கலாம், யாரையும் கேட்டுக்கினு நிக்க வேணாம்."

அட்வான்ஸ் கொடுத்தவர் வரவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நானும் நம்பியிருப்பேன், அவளுக்கும் மானம் போயிருக்காது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் வந்ததற்காக அவளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கு வீடு கிடைத்தது பெரிதுதான். வாசலில் வைத்து என்னிடம் சொன்னது பொய் என்று அவள் வாயாலேயே கேட்டது அதைவிடப் பெரிது. எருக் கையோடு நின்று அழுதேன். "மூஞ்சிய தொடைக்காதீங்க, டீச்சர், கையெல்லாம் சாணி" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை ஒரு டிரங்குப் பெட்டியும் பாயுமாகப் போய்ச் சேர்ந்தேன். ஆறு அதற்கு மறுவாரம்தான் கரை தொட்டு ஓடியது. போன அன்றே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவளுடைய மாமியார் துவைகல் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றை விட்டேன், வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது, இழுக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் ராட்டினம் கிறீச்சிட்டு நின்றது.

"கயித்த இறுக்கிப் புடிம்மா" என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அது வழுக்கும்."